கடைமடைக்கு வராத தண்ணீரும், மாமா போனுக்கு வராத அப்டேட்டும்!

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் என் மாமா செய்கிற முதல் வேலை, சட்டைப்பையில் இருந்து போனை எடுத்துப் பார்ப்பது. மல்லிக்கும் சம்பங்கிக்கும் உண்டான பணம் வந்துவிட்டதா என்று அதில்தான் தெரியும். வந்த பணத்தில் பூப் பறிக்கிற அக்காக்களுக்குக் கூலி போகும், உரக்கடை பாக்கி போகும், கல்லூரியில் படிக்கிற மகளுக்கு ஹாஸ்டல் கட்டணம் போகும். எல்லாம் அதே போனில் இருந்துதான். முன்பு வீட்டில் இரும்புப் பெட்டி இருந்தது, சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. இப்போது பெட்டி, சாவி இரண்டும் அந்தப் போன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, வழக்கம்போல வீட்டில் இருக்கிற எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்த்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை இது. ஃபோட்டோ அழிப்பது, காலை வணக்கம் வீடியோக்களைச் சுத்தம் செய்வது, ரீசார்ஜ் போடுவது எல்லாம் நம் தலையில்தான்.

"என்ற போனுல ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல அம்மிணி. வாராவாரம் எல்லாத்தையும் அப்டேட் பண்ணிப்போடுவேன்" என்றார் மாமா பெருமையாக. உண்மைதான். ப்ளே ஸ்டோரில் ஒரு ஆப்கூட பாக்கி இல்லை. ஆனால் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' என்ற இடத்தில் இருந்த தேதி: ஆகஸ்ட் 5, 2021.

"மாமா, நீங்க பண்றது ஆப்புக்கு வர்ற அப்டேட்டுங்க. போனுக்குன்னு வர்றது வேறைங்க. அது வந்து வருசக்கணக்கா ஆச்சு."

கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். "அப்ப, மருந்து அடிச்சது பூராம் இலைக்குத்தான், வேருக்கு ஒண்ணுமே போகலைங்கற."

நான்கு வருட டிப்ளமோ சகவாசத்தில் என்னால் இவ்வளவு சுருக்கமாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடிந்ததில்லை. இந்த வாரம் அந்த வேரைப் பற்றித்தான்.

பண்ணாரி செக்போஸ்ட்

சத்தியில் இருந்து திம்பம் மலை ஏறி மைசூர் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் பண்ணாரியில் செக்போஸ்ட் இருக்கிறது. காரோ, கரும்பு லாரியோ, அதைத் தாண்டாமல் மலைக்குள் போக முடியாது. எந்த வண்டியை எப்போது விடுவது என்பதை அங்கே இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

உங்கள் போனுக்குள்ளும் இப்படி ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அதன் பெயர் கெர்னல். இயங்குதளத்தின் அடியாழத்தில் இருக்கிற பகுதி அது. நாம் பயன்படுத்துகிற ஆப்கள் எல்லாம் வண்டிகள். கேமராவைத் தொடுவதோ மைக்கைத் திறப்பதோ மெமரியில் ஓர் இடத்தைப் பிடிப்பதோ எதுவானாலும், ஆப் நேராகச் செய்ய முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு கேம் ஆப்பால் உங்கள் வங்கி ஆப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பதற்குக் காரணம், நடுவில் கெர்னல் நிற்பதுதான்.

ஒரு ஆப்பில் ஓட்டை இருந்தால் ஒரு வண்டிதான் கவிழும். செக்போஸ்ட்டே திருடன் கைக்குப் போய்விட்டால்? மலை முழுக்க அவன் ராஜ்யம். அந்த நிலைக்குத் தொழில்நுட்ப உலகம் வைத்திருக்கிற பெயர், 'ரூட்'. மாமா சொன்ன அதே வேர்! "நான் ஆன்டிவைரஸ் ஆப் போட்டிருக்கேனே" என்று சிலர் கேட்கலாம். அதுவும் செக்போஸ்ட் வரிசையில் நிற்கிற இன்னொரு வண்டிதான். செக்போஸ்ட்டின் சுவரில் இருக்கிற ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றிலும் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது. இன்று 3 கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். இத்தனை கோடி வரியில் தப்பே இருக்காது என்று யாரும் சொல்வதில்லை. தப்பு தெரிந்ததும் திருத்தி, 'பேட்ச்' என்று வெளியிடுகிறார்கள். கிழிந்த இடத்தில் போடுகிற ஒட்டு. கெர்னல் குழு ஏறக்குறைய வாராவாரம் இப்படித் திருத்தங்களை வெளியிடுகிறது. ஆக, அந்தப் பக்கம் வேலை ஒழுங்காக நடக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

பழைய டோக்கன்

2017 நவம்பரில், கெர்னலைத் தட்டித் தட்டிப் பார்த்து ஓட்டை தேடுகிற கூகுளின் தானியங்கி மென்பொருள் ஒன்று, 'பைண்டர்' என்ற பகுதியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தது. ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால் பைண்டர் வழியாகத்தான் பேச வேண்டும்.

பிழை என்னவென்று புரிந்துகொள்ள, பண்ணாரி அம்மன் கோயிலுக்கு வாருங்கள். குண்டம் திருவிழாக் கூட்டம். செருப்பு விடுகிற இடத்தில் 42-ம் எண் டோக்கன் வாங்குகிறீர்கள். திரும்பி வந்து செருப்பை எடுத்துக்கொள்கிறீர்கள், ஆனால் டோக்கனைத் திருப்பி வாங்க அங்கிருப்பவர் மறந்துவிடுகிறார். அடுத்து வருகிறவர் அதே 42-ம் இடத்தில் புதுச் செருப்பை வைக்கிறார். இப்போது நீங்கள் பழைய டோக்கனை நீட்டினால் யார் செருப்பு உங்களுக்கு வரும்? கெர்னலில் நடந்ததும் இதுதான். மெமரியில் ஓர் இடத்தைக் காலி செய்த பிறகும், அதற்கான பழைய டோக்கன் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு அடுத்து வருவது என்னவோ, அதில் கை வைக்கலாம். அப்படியே படிப்படியாக ரூட் வரைக்கும் போகலாம்.

2018 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலில் இதைத் திருத்திவிட்டார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் திருத்தம், ஆண்ட்ராய்டு போன் நிறுவனங்களுக்கு மாதாமாதம் கூகுள் அனுப்புகிற பாதுகாப்புப் பட்டியலில் ஏறவே இல்லை. ஓட்டைக்கு அடையாள எண்கூட அப்போது கொடுக்கப்படவில்லை. சாதாரணப் பிழைத் திருத்தங்களோடு ஒன்றாகக் கலந்து போய்விட்டது.

2019 செப்டம்பர் கடைசியில், கூகுளின் 'ப்ராஜெக்ட் ஸீரோ' குழுவில் இருந்த மேடி ஸ்டோன் என்ற ஆராய்ச்சியாளர், இதே ஓட்டையை யாரோ நிஜமாகவே பயன்படுத்திக்கொண்டிருப்பதாகத் தெரிவித்தார். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ நிறுவனத்தோடு, அதாவது பெகாசஸ் உளவு மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தோடு, இதைத் தொடர்புபடுத்தித் தகவல் வந்திருப்பதாக கூகுள் சொன்னது. அந்த நிறுவனம் மறுத்தது. வழக்கமாக நிறுவனங்களுக்கு 90 நாள் அவகாசம் கொடுக்கிற ப்ராஜெக்ட் ஸீரோ, இந்த முறை கொடுத்தது ஏழே நாள்.

அக்டோபர் தொடக்கத்தில் வெளியான பட்டியலைப் பார்த்தபோது நம் ஊர்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். கூகுளின் சொந்த பிக்ஸல் 2, சாம்சங்கின் எஸ்7, எஸ்8, எஸ்9 ஆகியவற்றோடு ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5, எம்ஐ ஏ1 என்று வரிசையாக இருந்தன. அந்த நாட்களில் ரெட்மி நோட் 5 இல்லாத தெரு நம் பக்கம் ஏது? நான் கல்லூரிக்கு எடுத்துப் போனதும் ஒரு ரெட்மிதான். 2018 பிப்ரவரியில் அடைத்த ஓட்டை, 2019 அக்டோபர் வரைக்கும் திறந்து கிடந்திருக்கிறது. 20 மாதங்கள்!

இது பெரிய மனிதர்களைக் குறிவைக்கிற உளவுச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் ப்ளே ஸ்டோரிலேயே மூன்று ஆப்களைப் பிடித்தது. அதில் ஒன்று 'காமெரோ' என்ற பெயரில் கேமரா ஆப்பாக உட்கார்ந்திருந்தது. இதே பைண்டர் ஓட்டை வழியாக ரூட்டைப் பிடித்து, போனுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொரு ஆப்பை இன்ஸ்டால் செய்தது. இருக்கும் இடம், ஃபைல்கள், ஸ்கிரீன்ஷாட், ஜிமெயில், ஃபேஸ்புக் தகவல் என்று எல்லாவற்றையும் எடுத்து அனுப்பியது. நிபுணர்கள் அதை 'சைடுவிண்டர்' என்ற உளவுக் கும்பலோடு தொடர்புபடுத்தினார்கள். ஆனால் அது தங்கியிருந்த இடம், நீங்களும் நானும் ஆப் எடுக்கிற அதே ப்ளே ஸ்டோர்.

வாய்க்காலில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

பவானிசாகரில் கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்தால் அன்றைக்கே செய்தி போடுவோம். மதகைத் திறக்கிற ஃபோட்டோ, பூத்தூவுகிற ஃபோட்டோ, 2.07 லட்சம் ஏக்கர் பாசனம் பெறும் என்ற வரி. எல்லாம் சரி. ஆனால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்காலில் கடைமடைக்காரர் வயலுக்குத் தண்ணீர் வருவது அன்றைக்கு இல்லை. சில போகத்தில் போதுமான அளவுக்கு வருவதும் இல்லை.

பேட்ச் வருகிற வழியும் அப்படியே. கெர்னல் குழு திருத்துகிறது. அதை கூகுள் எடுத்து ஆண்ட்ராய்டு கெர்னலில் சேர்க்கிறது. சிப் தயாரிக்கிற குவால்காமும் மீடியாடெக்கும் தங்கள் பங்குக்குச் சேர்க்கின்றன. பிறகு போன் நிறுவனம் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகச் சோதித்து அனுப்ப வேண்டும். விலை உயர்ந்த மாடல்கள் தலைமடை, அவற்றுக்கு முதலில் வரும். எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய போன் கடைமடை. இரண்டு, மூன்று வருடம் கழித்து அந்த மாடலுக்கு மதகையே மூடிவிடுவார்கள். போன் நன்றாக ஓடும், பேட்டரி நிற்கும், மாமாவுக்கு எந்தக் குறையும் தெரியாது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. லினக்ஸ் திறந்த புத்தகம். எந்த வரியைத் திருத்தினார்கள் என்பதை யாரும் பார்க்கலாம், திருடனும் பார்க்கலாம். பேட்ச் வெளியான நாளில் இருந்து, அது போய்ச் சேராத போன்கள் முன்பைவிட அதிக ஆபத்தில் இருக்கின்றன. ஓட்டை எங்கே என்று ஊருக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரிதான்.

2016 அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டையை அடைத்தார்கள். 2007-ல் இருந்து கெர்னலில் இருந்தது. அதைத் திருத்தியபோது டோர்வால்ட்ஸே, 11 வருடங்களுக்கு முன்பு தானே இதைச் சரிசெய்ய முயன்று சரியாகச் செய்யாமல் விட்டதாக எழுதினார். (இப்படி ஒப்புக்கொள்கிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம்.) ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2017 செப்டம்பரில், அதே ஓட்டையைப் பயன்படுத்துகிற 'ஸ்நியூ' என்ற ஆண்ட்ராய்டு தீநிரல் பிடிபட்டது. 1,200-க்கும் மேற்பட்ட போலி ஆப்களில் அது ஒளிந்திருந்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000-க்கும் அதிகமானவர்கள் சிக்கியிருப்பதாக அப்போது சொன்னார்கள். அதில் பெரும்பாலானவர்கள் இருந்த இரண்டு நாடுகளில் ஒன்று சீனா, இன்னொன்று இந்தியா.

டர்ட்டி கவ் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, வீட்டு அலமாரியில் தூங்குகிற அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் ஒரு பக்கம் விண்டோஸும் இன்னொரு பக்கம் 'பாஸ்' லினக்ஸும் இருந்தன. பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம் ஆட்களின் தயாரிப்புதான். ஆனால் 2016-க்கு முன் வந்த லேப்டாப்களில் இருந்த லினக்ஸ் கெர்னலில் அந்த ஓட்டையும் சேர்ந்தே இருந்திருக்கும். அப்டேட் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? விண்டோஸ் பக்கமும் நிம்மதி இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அப்டேட் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸில் பெரிய உதாரணமே இருக்கிறது. 2017 மார்ச் 14-ல் பேட்ச் வந்தது. மே 12-ல் வான்னாக்ரை தாக்கியது. இடையில் இரண்டு மாதம் இருந்தும், பேட்ச் போடாத கம்ப்யூட்டர்கள் 150 நாடுகளில் சிக்கின. நமக்குப் பக்கத்து வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும் வந்து, ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது.

சரி, எவ்வளவு பயப்பட வேண்டும்?

உங்கள் போன் பழையது என்பதாலேயே இன்று இரவு பணம் போய்விடாது. நம் ஊரில் பணம் போகிற வழி பெரும்பாலும் ஓ.டி.பி-யைக் கேட்கிற போன்காலும், வாட்ஸ்அப்பில் 'டிராஃபிக் அபராதம்', 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் வருகிற ஏ.பி.கே ஃபைலும்தான். கெர்னல் ஓட்டை தானாக வந்து யாரையும் கடிக்காது, பெரும்பாலும் உள்ளே நுழைய ஏதாவது ஒரு ஆப் வேண்டும். ஆனால் புதுப் போனில் அந்த ஏ.பி.கே-வைத் தெரியாமல் தொட்டால், அதன் ஆட்டத்தை ஓரளவுக்காவது செக்போஸ்ட் நிறுத்தும். மாமா போன் மாதிரியான போனில் நிறுத்த ஆள் இல்லாமல் போகலாம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

2025 பிப்ரவரியில் கூகுள் அடைத்த கெர்னல் ஓட்டை ஒன்றைப் பாருங்கள். யு.எஸ்.பி வழியாக இணைகிற கேமராவுக்கான பகுதியில் இருந்தது. அந்தக் கோடு 2008-ல் எழுதப்பட்டது. செர்பியாவில் ஒரு மாணவப் போராளியின் பூட்டியிருந்த போனில் கேபிளைச் சொருகித் திறக்க, இந்த ஓட்டை பயன்பட்டதாக ஆம்னஸ்டி அமைப்பு கண்டறிந்தது. 2008-ல் எழுதியது, 2025-ல் அடைத்தது. மாமா போனின் தேதி 2021. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் போனிலும் அந்தத் தேதியைப் பாருங்கள். செட்டிங்ஸில் 'அபவுட் போன்', அதில் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்'. பல போன்களில் அங்கேதான் இருக்கும். பக்கத்திலேயே 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு தேதி இருக்கும். அது புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கெர்னலைத் தொடாது. செக்யூரிட்டி அப்டேட் தேதியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மாதத்தின் 1-ம் தேதி என்று இருந்தால் ஆண்ட்ராய்டின் மேல் அடுக்குத் திருத்தங்கள் வந்திருக்கின்றன என்று அர்த்தம். 5-ம் தேதி என்றால் கெர்னல், சிப் சம்பந்தமானவையும் சேர்ந்து வந்திருக்கின்றன. ஐபோன்காரர்களுக்கும் விலக்கு இல்லை. 2023 செப்டம்பரில் ஆப்பிள் அவசரமாக அடைத்த மூன்று ஓட்டைகளில் ஒன்று கெர்னலில் இருந்ததுதான்.

தேதி இரண்டு, மூன்று மாதம் பின்தங்கியிருந்தால் வைஃபை கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து அப்டேட் கொடுங்கள். "அப்டேட் பண்ணுனா ஸ்லோ ஆயிரும்" என்று அதை மாசக்கணக்கில் தள்ளிவிடுகிறவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால், மதகு மூடிவிட்டது என்று அர்த்தம். அந்தப் போனில் பாட்டுக் கேளுங்கள், பேசுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு வீடியோ காட்டுங்கள். பணத்தை மட்டும் வேறு போனுக்கு மாற்றுங்கள்.

இதை எழுதும்போது எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி. 'ஆண்ட்ராய்டு பயனாளர்களுக்கு மத்திய அரசு எச்சரிக்கை!' என்று செர்ட்-இன் அறிவிப்பை வைத்து மாதம் ஒரு செய்தி போடுவோம். காலை ஷிஃப்டில் நானே பலமுறை போட்டிருக்கிறேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'உடனே அப்டேட் செய்யுங்கள்.' அப்டேட்டே வராத போனை வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று ஒருமுறைகூட நான் எழுதியதில்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரலில் இருந்து, குறைந்தபட்சம் எதுவரைக்கும் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை நிறுவனங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும். பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற விலை உயர்ந்த போன்களுக்கு ஏழு வருடம் வரை தருவதாக நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. முடியாத காரியம் இல்லை என்றுதானே அர்த்தம்? ஒரு விஷயம் கவனியுங்கள். இந்த வருடக்கணக்கு பொதுவாக மாடல் அறிமுகமான நாளில் இருந்து ஓடும், நாம் வாங்கிய நாளில் இருந்து இல்லை. ஆடித் தள்ளுபடியில் கிடைக்கிற இரண்டு வருடப் பழைய மாடலில், தள்ளுபடியாவது விலை மட்டும் இல்லை.

திங்கட்கிழமை காலை மாமாவோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற மொபைல் கடைக்குப் போனேன். கடைப் பையன் கேமரா எத்தனை மெகாபிக்ஸல், பேட்டரி எத்தனை எம்.ஏ.எச் என்று மூச்சு விடாமல் சொன்னான். மாமா பெட்டியைக் கையில் வாங்கி, பூச்சி மருந்து பாட்டிலைப் பார்ப்பதுபோல நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். விலை இருந்தது, தயாரித்த மாதம் இருந்தது.

"தம்பி, இது எந்த வருசம் வரைக்கும் செல்லும்னு போட்டிருக்குதுங்களா?"

பையனுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவனும் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க. ஓனர் வரட்டுங்க, கேட்டுச் சொல்றேன்" என்றான்.

மாமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.